நாலு மணிப் படகு

அமரர் ஊர்தி ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க மாட்டான். முந்திக்கொண்டு போகவும் யாருக்கும் ஆசை வராது. ஏற்றிப் போன ஆள் திரும்பி வந்து குறை சொன்னதாகவும் சரித்திரம் இல்லை. முப்பத்தோரு வருஷம் இப்படி ஓட்டி ஓய்வு பெற்றவருக்குச் சக டிரைவர்கள் வைத்த பேர் ஆமையார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அந்த ஆமையார் இப்போது பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு மலை ஏறினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் முதுகுக்குப் பின்னால். வாடகைக்கு எடுத்தது மனைவி. தண்ணிக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் அவளுடைய அக்கா, ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, போன மாதம் தானாகவே போன் போட்டாள். வயசாகிறது, வந்துவிட்டுப் போ என்றாள். நாலு மணிப் படகுக்கு வந்துவிட வேண்டும், இந்தத் தடவையும் தவறவிட்டால் அப்படியே திரும்பிப் போய்விடு என்றும் சொன்னாள். ஆமையாரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை. அவள் வீட்டுப் படியை மிதிக்க உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தால் நம் வீட்டையே கையோடு கொண்டுபோய்விடலாம் என்று மனைவிதான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள். அந்தப் படகு வண்டிகளையும் ஏற்றும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில், இதே படகுக்கு, மாமியாரை இவர்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். தீவில் மாமனார் பக்கத்தில் குழி வெட்டித் தயாராக இருந்தது. மூத்த மகள் அந்தக் கரையில் காத்து நின்றாள். இவர் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. படகு போய்விட்டது. மறுநாளிலிருந்து மூன்று நாள் பேய்க்காற்று, படகே ஓடவில்லை. கடைசியில் இந்தக் கரையிலேயே, படகுத்துறைக்கு மேலே உள்ள மேட்டில் புதைத்தார்கள். பெற்ற தாயின் முகத்தை அக்கா கடைசியாகப் பார்க்கக்கூட இல்லை. பின்னே கோபம் வராதா? ஏன் அவ்வளவு மெதுவாக ஓட்டினீர்கள் என்று அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆமை வேறு எப்படி நடக்கும் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிக்கொண்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பள்ளத்தாக்கு இடது பக்கம் பச்சையாக இறங்கிக்கொண்டே போனது. அடியில் தண்ணீர் ஒரு தகட்டைப் போலத் தெரிந்தது. ஒரு வளைவில் கைப்பிடிச் சுவரைக் காட்டி, இங்கேதான் அம்மா எப்போதும் காரை நிறுத்தச் சொல்லுவாள் என்றாள் மனைவி. அவர் தலையாட்டினார்.

மணி மூன்று. நாற்பதைத் தொட்டால் அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடின, கால் தானாகவே மேலே எழும்பியது. தலை சொன்னதைக் கால் கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பதினாலு வண்டி. முதலில் ஒரு சின்ன நீலக் கார், கூரையில் புது மெத்தை ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. யாரோ வீடு மாறுகிறார்கள் போல என்று நினைத்தார். அந்தக் கார்தான் விடாமல் ஹாரன் அடித்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாங்குகிற ஹாரன், காதெல்லாம் சூடாகிவிட்டது. மெதுவாகப் போகிற வண்டிகள் ஒதுங்கி வழிவிடவும் என்று பலகை வந்தது. மனைவியைப் பார்த்தார். ஒதுங்கினால் ஏழு நிமிஷம் போய்விடும், நேராகப் போங்கள் என்றாள். அடுத்த பலகையிலும் அதையே சொன்னாள். அவர் ஒதுங்கவில்லை.

துறைக்கு வந்து சேர்ந்தபோது நாலு எட்டு. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டாவது தடவையும் தன்னால்தான்.

நீலக் காரின் கதவு படாரென்று சாத்தும் சத்தம். ஒரு கை அவர் பக்கத்து ஜன்னலைத் தட்டியது.

"ஏன்யா, ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? என் தங்கச்சி அந்தப் படகுல போயிட்டா. அங்க வீடு பூட்டிக் கிடக்கு."

ஜன்னல் இறங்கியது. தட்டியது மனைவியின் அக்கா; அவர் முகத்தைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். மனைவி அந்தப் பக்கமாக இறங்கிச் சுற்றி வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலை இரண்டும் நரைத்திருந்தது. மெத்தை எதற்கு என்று மனைவி கேட்டாள். உங்களுக்குத்தான், காலையில் டவுனுக்குப் போய் வாங்கினேன், வேறு யாருக்கு என்றாள் அக்கா. மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் பங்குக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்கள்.

அக்கா ஆமையார் பக்கம் முகத்தைத் திருப்பாமலே தங்கையிடம் கேட்டாள்.

"அம்மாவையும் உன் புருஷன் இப்படித்தான் கொண்டுவந்தாரா?"

"இதைவிட மெதுவா" என்றார் அவர்.

"ஏன்?"

ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அத்தைக்கு வளைவு ஆகாது. நாலு வளைவுக்கு ஒருதரம் தலை சுத்துது, நிறுத்துங்க மாப்பிள்ளைன்னுவாங்க. அன்னைக்கு அவங்களால சொல்ல முடியல. நான்தானே பாத்து ஓட்டணும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா காரிடம் போய், மெத்தைக் கயிற்றின் முடிச்சை ரொம்ப நேரம் இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு படகு போன திசையைப் பார்த்தாள், அப்புறம் மேட்டைப் பார்த்தாள். அங்கே அவள் ஒருநாளும் போனதில்லை. போகவும் மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த படகு காலை ஏழு மணிக்கு. இந்த வண்டிக்குள்ளே படுக்க எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று கேட்டாள். நாலு பேர் படுக்கலாம் என்றாள் மனைவி.

அக்கா கைப்பிடியைப் பிடித்து உள்ளே ஏறி, அவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இருட்டறதுக்குள்ள அம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் தங்கையிடம். "மெதுவாவே ஓட்டச் சொல்லு."

மேட்டுக்கு இரண்டே வளைவு. அவர் பதினைந்தில் ஓட்டினார்.