காவலறைக்கு வந்த அழைப்பு

கைபேசியில் ஏழாவது முறையாக அதே காத்திருப்புப் பியானோ இசையைக் கேட்டுக்கொண்டு, பல்கலைக்கழக வாசலில் காவலறைச் சுவரோடு சாய்ந்து நின்றாள் குல்சாதா. முந்தைய ஆறு அழைப்புகளிலும் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. நன்றி மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லி வைத்தார்கள்.

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தாகிவிட்டது. அவளுடைய பட்டம் உண்மையானது என்று அங்குள்ள சரிபார்ப்பு நிறுவனம் இன்றைக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் யாருமில்லை. யோசனை கேட்கக்கூட ஆள் கிடையாது.

இசை நின்றது.

"வணக்கம் மேடம், நான் லூக்காஸ். உறுதிக் கடிதம் பல்கலைக்கழகத்தோட அதிகாரபூர்வ மின்னஞ்சல்லேர்ந்து வரணும். வந்தது யாரோ தனியாள் முகவரிலேர்ந்து."

"அந்தத் தனியாள்தான் எங்க டீன் ஆபீஸ் செயலாளர். இங்க ஆபீஸ் வேலையெல்லாம் அவங்கவங்க சொந்த மெயில்லதான் நடக்கும். அதிகாரபூர்வப் பெட்டியோட கடவுச்சொல் தெரிஞ்சவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போயிட்டான். நீங்க அனுப்பின மூணு கடிதமும் அதுக்குள்ளதான் தூங்குது."

"உங்க சிரமம் புரியுது மேடம்..."

"புரியல. முன்னால எழுதி வச்சிருக்கிறதப் படிக்கிறீங்க. நானும் பிஷ்கெக்ல டாக்ஸி கம்பெனிக்கு ஃபோன் எடுக்கிறவதான். தெனம் நூறு தடவ இதே வரிய நான் சொல்றேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு தொண்டையோடு நின்றது.

"லூக்காஸ், கூப்பிடறவங்களே கேட்டாத்தான் சொல்லணும்னு ஒரு வழி வச்சிருப்பாங்க. எங்ககிட்டயும் இருக்கு. இப்ப நான் கேக்கறேன்."

அவன் குரல் தாழ்ந்தது. "பல்கலைக்கழக வலைத்தளத்துல இருக்கிற எண்ணுக்கு நாங்களே கூப்பிட்டு விசாரிக்கலாம். அஞ்சு வேலை நாள் ஆகும்."

"இன்னிக்கு. நீங்க போன வச்சா இந்தக் கோப்ப மூடுவீங்க. நான் மறுபடி கூப்பிடுவேன், உங்க பேர்ல கறுப்புப் புள்ளி விழும். எனக்கும் அப்படித்தான் விழுது. ரெண்டு பேருக்கும் வேண்டாம். மேலதிகாரிகிட்ட இப்பவே கேளுங்க, நான் லைன்லயே நிக்கறேன். அது என்ன நம்பர்?"

அவன் எண்ணை வாசித்துவிட்டு மேலதிகாரியிடம் கேட்கப் போனான். குல்சாதா மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'பைக்கே' என்று கூப்பிடும் காவலர் சபாரின் மேசையில், ரொட்டிக்கும் தேநீர்க் கெண்டிக்கும் நடுவே இருந்த பச்சைத் தொலைபேசியின் எண் அது.

வாசலில் ஒரு லாரி, கூடாரக் கம்பளிகளை ஏற்றிக்கொண்டு உறுமியது. எல்லாருக்கும் 'எஜே', அதாவது அக்காவான செயலாளர் உல்கான் கோடைக்கு மலை மேய்ச்சலுக்குக் கிளம்புகிறாள். அங்கே கைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. ஏறுவதற்குத் தூக்கிய காலோடு அவளைக் குல்சாதா பிடித்தாள்.

"எஜே, எறங்குங்க! பட்டப் பதிவேட்ட எடுத்துக்கிட்டு காவலறைக்கு வாங்க."

"அடியே, மேல ஆடு பால் கறக்கக் காத்துக்கிட்டிருக்கு!"

"ஆடு அரை மணி பொறுக்கும், எஜே. ஜெர்மன்காரன் பொறுக்க மாட்டான்."

உல்கான் எஜே முனகிக்கொண்டே உள்ளே போய், பெரிய பதிவேட்டைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பச்சைத் தொலைபேசி அலறியது. சபார் பைக்கே பாய்ந்து எடுத்தார்.

"ஆங்... புளிச்ச பாலாடையா? எத்தன கிலோ?"

"வைங்க பைக்கே!"

"என் சம்சாரம்மா."

"வாழ்நாள் பூரா பேசுங்க, இப்ப வைங்க!"

அவர் வைத்தார். வைத்த கையை எடுக்குமுன் மறுபடி ஒலித்தது. இம்முறை ஜெர்மன் நிறுவனத்திலிருந்து, ரஷ்ய மொழியில் ஒரு பெண். உல்கான் எஜே தொண்டையைக் கனைத்து, கொடியேற்ற விழாவில் நிற்பவள் போல நிமிர்ந்தாள்.

"ஆமா, டீன் ஆபீஸ்தான். பேசறது யாரா? இருபத்தாறு வருஷமா இந்த முத்திரை எங்கிட்டதான் இருக்கு, அதான் நான். எழுதிக்கோங்க." பட்ட எண், ஆண்டு, மதிப்பெண் எல்லாம் வரிசையாக வாசித்தாள். "எல்லாத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு. உடற்பயிற்சில மட்டும் மூணு. ஓடச் சொன்னா வாத்தியார்கிட்ட நியாயம் பேசுவா."

"அத எதுக்கு எஜே சொல்றீங்க!"

"இருக்கிறதத்தானடி வாசிக்கணும்?" போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை மூடினாள். "நம்பிட்டா. பொய் சொல்றவ அந்த மூணச் சொல்ல மாட்டாளாம்." வெளியே லாரி ஒலி எழுப்பியது. குல்சாதாவின் கன்னத்தில் அழுத்தமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

குல்சாதா கைபேசியைக் காதில் வைத்தாள். "லூக்காஸ், இருக்கீங்களா? கண்ணால பாக்கிற வரைக்கும் கோப்ப மூடக்கூடாது."

"மூடல மேடம். இப்ப அனுப்பியாச்சு, பாருங்க."

திரையில் வந்திருந்தது. பெயர், பட்டம், 'உண்மையெனச் சரிபார்க்கப்பட்டது.' இரண்டு முறை படித்தாள். காவலறைச் சுவரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். சபார் பைக்கே தேநீரைச் சிந்தினார்.

"என் சேவைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மதிப்பெண் போடுவீங்களா?" லூக்காஸ் தயங்கிக் கேட்டான்.

"உங்களுக்கு அஞ்சு. உங்க கம்பெனியப் பத்தித் தனியாச் சொல்ல இடம் இருக்கா?"

"பீப் ஒலிக்கு அப்புறம் பேசலாம். ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு போதும்" என்றாள் குல்சாதா. சபார் பைக்கே நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே பீப் ஒலிக்குக் காத்திருந்தாள்.