டீசல் கணக்கில் மறைந்த சம்பளம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் வேண்டாம், காற்று பலமாக அடிக்கிறது. ஒருத்தி தன் சம்பளத்தை ஊர் கண்ணிலிருந்து மறைக்கப்போய், அது இன்னொருவர் தலையில் விடிந்த கதையைச் சொல்கிறேன். கெட்டவர்கள் யாரும் இதில் இல்லை. பயந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

அனார்குல் எங்கள் மலையூர் கொச்கோரைச் சேர்ந்தவள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஓர் அறக்கட்டளை நடத்தினாள். சிறுநீரகம் பழுதானவர்களை ரத்தம் சுத்தம் செய்ய டோலோன் கணவாய் தாண்டி நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது அதன் வேலை. காசு ஊர்க்காரர்களும், மாஸ்கோவில் மாடிப்படி கழுவும் எங்கள் பெண்களும் அனுப்புவது. வேனை ஓட்டுவது துர்துபெக். அறுபதைத் தாண்டிய மனுஷர், வாய் திறந்து பேசவே காசு கேட்பவர்போல இருப்பார்.

அனார்குலுக்கு மாதம் முப்பதாயிரம் சோம் சம்பளம் என்று அறக்கட்டளைக் குழு முறையாகத்தான் முடிவு செய்திருந்தது. அது இல்லாவிட்டால் அவள் வீட்டில் குளிருக்கு நிலக்கரி இல்லை. ஆனால் ஊர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டது. “பைசா வாங்காம செய்யிறியே, நீ நல்லா இருப்ப தாயி” என்று ஒரு கிழவி கடைத்தெருவில் அவள் கன்னத்தைத் தடவியபோதே ‘வாங்குகிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டாள். அப்புறம் சொல்ல வேளையே வாய்க்கவில்லை.

அந்த வருஷம் குழுவினர் ஒரு முடிவு எடுத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது, யார் நடத்துகிறார்கள், யாருக்கு என்ன சம்பளம், எல்லாவற்றையும் வேன் நிற்கும் இடத்துச் சுவரில் ஒட்டவேண்டும். அவர்கள் கொடுத்த தாளில் அனார்குலின் சம்பளம் தனி வரியாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டு ஊர் கையை மடக்கிக்கொண்டால்? வேன் ஒரு வாரம் நின்றால் யார் உயிரோடு இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியாதா? வேறு தாள் தட்டச்சு செய்து, தன் சம்பளத்தை டீசல் செலவோடு சேர்த்து ஒரே வரியாக்கி ஒட்டிவிட்டாள். குழுவிலிருந்து யாரும் வந்து சரிபார்க்கவில்லை.

முதலில் படித்தவள் பாத்மா. சந்தையில் கம்பளிச் செருப்பு விற்பவள். அவள் புருஷன் இமான்காசி அந்த வேனில் போகிற நோயாளி.

“ஏண்டி அனார், டீசலுக்கு இவ்வளவா? வேன் நாரினுக்குப் போகுதா, நிலாவுக்குப் போகுதா?”

“மலை ஏத்தம்க்கா. குளிர்ல இன்ஜினை அணைக்கவும் முடியாது.”

“ஏத்தம்தான். துர்துபெக் அண்ணன் வீட்டுக்குப் புதுக் கூரை ஏறியிருக்கே, அதுவும் ஏத்தம்தான்!”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அனார்குல் வேன் கதவைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குமேல் கேட்கவேண்டுமா? இமான்காசி, பாவம், நல்லவர்தான். அவரே வேனில் எட்டி எட்டி டீசல் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார். துர்துபெக் கணவாயில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தைப் பார்த்தால், “டீசலைக் குடத்தில் பிடிக்கிறாரோ” என்று பின்னால் முணுமுணுப்பு.

ஒரு நாள் துர்துபெக் அனார்குலிடம் வந்தார்.

“தாயி, கூரை என் மக கசான்லேருந்து அனுப்பின காசு. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் அண்ணே.”

“அப்பச் சரி. உனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அன்று அவள் தூங்கியிருப்பாள்.

வசந்தம் வந்தது. ஊர் கூடி ஆடு அறுத்து, மழைக்கும் புல்லுக்கும் வேண்டிக்கொள்ளும் துலோ நாள். ஆற்றங்கரையில் கம்பளம் விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். எங்களில் இறைச்சி பரிமாறுவது லேசான காரியமில்லை. வயதுக்கும் மரியாதைக்கும் தக்கபடி ஆளுக்கு ஓர் எலும்பு. யார் தட்டில் எது விழுகிறது என்று ஊரே பார்க்கும். துர்துபெக் வயதுக்கு இடுப்பெலும்பு வரவேண்டும். வந்தது ஒரு விலா எலும்பு, பையன்களுக்குக் கொடுப்பது. பரிமாறியவன் அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தான். வட்டம் முழுக்கப் பார்த்தது. அவர் அதைக் கையில் எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார், ஒன்றும் நடக்காததுபோல.

அனார்குல் தட்டில் வாலெலும்பு, கொழுப்போடு. பெண்களில் பெரிய மரியாதை அது.

அவள் அதைத் தொடவில்லை. எழுந்தாள். தட்டைக் கொண்டுபோய் துர்துபெக் முன்னால் வைத்தாள்.

“அந்த டீசலைக் குடிச்சது நான். என் சம்பளம் மாசம் முப்பதாயிரம். அதை டீசலோட சேத்து எழுதி மறைச்சேன். அண்ணன் ஒரு சொட்டு எடுக்கல.”

“சும்மா செய்யிறேன்னியே?” என்றாள் ஒருத்தி.

“நான் சொல்லல. நீங்க சொன்னப்ப இல்லேன்னும் சொல்லல. ரெண்டும் ஒண்ணுதான்.”

“என் மக முட்டி தேய அனுப்பின காசு அது! இனிமே எங்க வீட்டுல எதிர்பாக்காத.” கேட்டவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் பாத்மாவைப் பார்த்தார்கள். அவள் கையை மெல்லத் துடைத்தாள்.

“முப்பதாயிரமா? மாடிப்படி கழுவுற என் மக அதைவிட வாங்குறா. இத எதுக்குடி ஒளிச்ச? சம்பளம் வாங்கு, யாரு வேணாங்குறா? அண்ணன் மேல பழி விழுந்தப்ப பேசாம நின்ன பாரு, அதுக்கு உன்னை இந்த ஆத்துல தள்ளணும்.”

“தள்ளுங்கக்கா.”

“தள்ளிட்டு? நாளைக்கு இந்த ஆளை யாரு நாரினுக்கு அனுப்புறது?” என்று இமான்காசியைக் காட்டினாள். ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள், பிறகு பலரும்.

பாத்மா துர்துபெக் முன்னால் போய் மண்டியிட்டாள். “அண்ணே, ஊரெல்லாம் சொன்னவ நான்தான். மன்னிச்சிரு.”

அவர் கத்தியை எடுத்து வாலெலும்பிலிருந்து கொழுப்பாக ஒரு துண்டு அறுத்து, தன் கையாலேயே அவள் வாயில் திணித்தார்.

“மெல்லு. கொஞ்ச நேரமாவது ஊர் அமைதியா இருக்கட்டும்.”

அடுத்த துண்டை அனார்குலுக்கு நீட்டினார். அவள் அழுதுகொண்டே வாங்கித் தின்றாள்.

கோபித்துப்போன வீட்டிலிருந்து பிறகு காசு வரவில்லை. இன்னும் இரண்டொருவரும் நிறுத்தினார்கள். டீசலுக்குச் சில மாதம் இழுபறிதான்; பாத்மா சந்தையில் கடை கடையாக ஏறி, சம்பள விவரத்தையும் தானே உரக்கச் சொல்லி வசூலித்தாள். வேன் ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போதெல்லாம் அனார்குலைப் பார்த்தால் “சம்பளம் வந்துச்சா தாயி?” என்று கேட்கிறார்கள். “வந்துச்சு” என்கிறாள், தலையைக் குனியாமல்.

கையை விரித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் நெருப்பும் பானையில் பாலும் குறையாதிருக்கட்டும். உங்கள் உழைப்பின் பங்கு ஊர் பார்க்க உங்கள் தட்டில் விழட்டும். உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் அவரை ஏற்றிப்போகும் வண்டி பனியிலும் வந்து சேரட்டும். அப்படியே ஆகட்டும், ஓமின்.