இரண்டாவது சரணத்தில் ஒரு சத்தம்

ரூபினி முந்தின நாளே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தாள். கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தினாள். வைரஸ் தேடும் செயலியை நிறுத்தினாள். கோப்புகளை ஓயாமல் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் செயலியையும் நிறுத்தினாள். பழைய மடிக்கணினி. இணையத்தில் எதையாவது தேடி அது திணறும்போதெல்லாம் பதிவாகும் குரலில் முடியளவு ஓட்டை விழும். ஓட்டை விழுந்த குரலைத் தைக்க முடியாது.

ஒன்றை மட்டும் விட்டு வைத்தாள். வாட்ஸ்அப்.

பாட வரப்போகும் ஹரிதாசின் கைபேசி போன வாரம் அவன் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லோரியின் சக்கரத்திலேயே நசுங்கிவிட்டது. அவன் அப்பா மாடசாமி ஈப்போவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். அக்கா மோகனா இருந்தாள். அவள் அனுப்புவதெல்லாம் ரூபினியின் எண்ணுக்கு வந்தது. ரூபினி கைபேசியின் சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் தெரியட்டும் என்று கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லயம் பள்ளத்தில் இருந்தது. கைபேசிக்கு அலை கிடைக்காது. வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். ரூபினி பதிவு வேலைக்காக இணைய இணைப்பு வாங்கினாள். அதன் பிறகு லயத்தில் யாரும் மேடு ஏறுவதில்லை. கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டைகள். சன்னலில் ஒரு மெத்தை. ஒரு பக்கச் சுவர் மட்டும் பலகை. அதற்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை வீடு.

ஹரிதாஸ் காலையில் வந்தான். சவரம் செய்திருந்தான்.

“அக்கா கூப்பிட்டிச்சா?”

“காலையில கூப்பிட்டாங்க அண்ணே. அப்பா தூங்கறாராம். பாட்டு எப்ப வரும்னாங்க. போன்லயே பாடிட்டா என்னன்னும் கேட்டாங்க.”

“போன்ல கரகரன்னு வரும். அவர் காதுக்கு அதுவும் மெஷினும் ஒண்ணுதான்.”

மாடசாமி முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். காது போய்விட்டது.

“சுத்தமாவா கேக்காது?”

“அப்படி இல்ல லா. அது ஒரு மாதிரி செவிடு. கீச்சுன்னு வர்ற சத்தம்தான் கேக்காது. கெட்டில் விசில் அடிச்சு அடிச்சு அடி கருகிப் போகும். பக்கத்துலயே உக்காந்து பேப்பர் பாப்பாரு. ஆனா என் லோரி கோயில் வளைவு திரும்பறப்பவே ‘பய வந்துட்டான், சோத்தப் போடு’ன்னுவாரு.”

ரூபினி சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

பாட்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு. ஹரிதாசே எழுதியது. தவிலும் உடுக்கையும் போன மாதமே பதிவாகிவிட்டன. குரல்தான் பாக்கி. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. மாடசாமிக்கு இல்லை. நேற்று முன்தினம் ஹரிதாஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அவர் சொன்னார்: “திருவிழா வரைக்கும் நான் தாங்க மாட்டேன். பாட்ட இப்பவே கொண்டா. கேட்டுட்டுப் போறேன்.”

அதற்காகத்தான் அவன் அவரை விட்டுவிட்டு மலையேறி வந்திருந்தான்.

“மழைக்கு முன்ன முடிச்சிடணும்” என்றாள் ரூபினி. “தகரத்துல விழுந்துச்சுன்னா இன்னைக்கு அவ்வளவுதான்.”

பனி தேயிலைச் சரிவில் பாதிவரை இறங்கியிருந்தது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன் நின்றான். கண்ணை மூடினான்.

முதல் தடவையே நன்றாக வந்தது. ரூபினி நிறையப் பேரைப் பதிவு செய்திருக்கிறாள். பாடுபவர்கள் முதல் தடவை மைக்குக்குப் பயப்படுவார்கள். இவன் பயப்படவில்லை. எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பாடினான்.

கொழுந்துக் கூடையில குங்குமம் கொட்டி வெச்சோம்.

இரண்டாவது சரணத்தில் அந்த வரி. ‘குங்குமம்’ என்று அவன் இழுத்தபோது மடிக்கணினி ‘டிங்’ என்றது. திரையின் மூலையில் ஏதோ வந்து மறைந்தது. ரூபினி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியின் சத்தத்தை அணைத்தவள் கணினியின் சத்தத்தை அணைக்க மறந்திருந்தாள்.

அவன் நிறுத்தாமல் பாடி முடித்தான்.

“விழுந்திருச்சா?”

“விழுந்திருச்சு அண்ணே.”

போட்டுக் கேட்டார்கள். டிங், குரலின் மேலேயே இருந்தது.

“வெட்டி எடுக்க முடியாதா?”

“எடுத்தா குரலும் சேந்து போகும்.”

“அக்காவா இருக்குமா?”

“மோகனாக்கான்னா கூப்பிடுவாங்க. இது தோட்டத்து குரூப்பு. யாருக்காச்சும் பிறந்தநாளா இருக்கும். காலையிலேர்ந்து ரோஜாப்பூவா வருது.”

ஹரிதாஸ் சன்னலைப் பார்த்தான். மெத்தையின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அது மங்கிக்கொண்டிருந்தது.

“இதையே அனுப்பிடலாமா அண்ணே? நல்லாத்தான் வந்திருக்கு.”

“அப்பாவுக்குக் குடுக்கறது. டிங்கோடவா குடுப்பேன்?”

ரூபினி வாட்ஸ்அப்பை மூடினாள். படிக்கவில்லை. பாடி முடிக்க நாலு நிமிடம். அதற்குப் பிறகு படிக்கலாம். கணினியிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கினாள். கைபேசியை விமானத்துக்கான நிலையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

இரண்டாவது தடவை பல்லவி முடிவதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதாள். பிறகு இசை. பாஞ்சாலை இணையத்தில் பார்க்கும் நாடகம்.

“பாஞ்சாலக்கா! சத்தத்தக் கொறைங்களேன்!”

“கொறைச்சுத்தான் வெச்சிருக்கேன்!” என்றது பலகை. “மருமகள வீட்டவிட்டு வெரட்டறாங்க. எப்படிக் கொறைக்கறது?”

ஹரிதாஸ் சிரிக்கவில்லை. ரூபினி எழுந்து சுவரில் இருந்த இணையப் பெட்டியின் வயரையே உருவினாள். அதன் பச்சை விளக்குகள் அணைந்தன. மருமகள் பாதிச் சொல்லில் நின்றாள்.

அமைதியாக இருந்தது. தூரத்தில் காய்கறி லோரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் வந்து அடங்கியது.

மூன்றாவது தடவை கடைசிச் சரணம் வரை வந்தான். பலகையில் இடி விழுந்ததுபோல் தட்டல்.

“ஏய் ரூபினி! லைன் போச்சே!”

ஹரிதாஸ் ஹெட்போனைக் கழற்றினான்.

“நான்தான் அணைச்சேன் அக்கா! பதிவு பண்றோம்!”

“சொல்லிட்டு அணைக்க மாட்டியா? அந்தப் பொண்ணு எங்க போனாளோ தெரியல.”

“ஹரி அண்ணன் பாட்டு அக்கா. அவங்க அப்பாவுக்கு அனுப்பணும். கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்.”

பலகையில் தட்டுவது நின்றது.

“மாடசாமி அண்ணனுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பாடச் சொல்லு. நான் வாயத் தொறக்கல. இருமல்கூட வராது.”

ஹரிதாஸ் தண்ணீர் குடித்தான்.

“வயரு மாட்டி ஒரு தடவ பாத்துட்டுப் பாடலாமா?” என்று கேட்டான்.

ரூபினி கூரையைப் பார்த்தாள். இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. மாட்டினால் பெட்டி விழித்துக்கொள்ள நேரமாகும். பாஞ்சாலையின் மருமகள் திரும்பி வருவாள். அதற்குள் மழை வந்துவிடும்.

“இன்னும் ஒரே தடவ அண்ணே. தொண்ட சூடா இருக்கு. இப்ப விட்டா வராது.”

அவன் தலையாட்டினான்.

நான்காவது தடவை சுத்தமாக வந்தது. எந்தச் சத்தமும் இல்லை. குரலில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்ததுபோல் இருந்தது. முதல் தடவை இருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை. ரூபினிக்கு அது தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை அடக்கி வைத்திருந்த இருமலை இருமினாள்.

“முடிஞ்சிருச்சா? நல்லா இருந்துச்சு ஹரி. அப்பா எந்திரிச்சு உக்காந்திருவாரு பாரு.”

ரூபினி பெட்டியில் வயரை மாட்டினாள். விளக்குகள் சிவப்பாக மினுங்கி ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கம்பியைக் கணினியில் செருகி வாட்ஸ்அப்பைத் திறந்தாள். தோட்டத்து குரூப்பில் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் மோகனா.

*அப்பா முழிச்சிட்டாரு. பாட்டு எங்கன்னு கேக்கறாரு.*

அதுதான் முதலாவது. டிங் அதனுடையது.

*தொண்டையில குழாய் வெக்கப் போறாங்களாம். அதுக்கு அப்புறம் மயக்கத்துலயே வெச்சிருவாங்களாம். அதுக்கு முன்ன அனுப்பு.*

*எப்படி இருந்தாலும் பரவால்ல. அனுப்பு.*

*டாக்டர கொஞ்சம் நிக்கச் சொல்லியிருக்கேன்.*

எடுக்காத அழைப்புகள். பிறகு பாஞ்சாலை வீட்டையும் கூப்பிட்டுப் பார்த்ததாக ஒரு செய்தி. கடைசியில் ஒரே ஒரு சொல்.

*ஹரி*

ஹரிதாஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். அவன் மெதுவாகப் படிப்பவன். ரூபினி அவன் படித்து முடிக்கும்வரை திரையை நகர்த்தவில்லை.

“கூப்பிடு” என்றான்.

ரூபினி கணினியிலிருந்தே அழைத்தாள். மோகனா உடனே எடுத்தாள். அழுகை இல்லை. அழுது முடித்த குரல்.

“குழாய் வெக்கறப்பவே நின்னு போச்சு தம்பி. ரொம்ப முயற்சி பண்ணாங்க.”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“நீ வருவேன்னு இல்ல, பாட்டு வரும்னுதான் பாத்துக்கிட்டே இருந்தாரு. போனை நானே அவர் காதுல வெச்சிருந்தேன். ஒண்ணும் வரல. ‘லைன் கெடைக்கல போல’ன்னு சொன்னாரு. அவ்வளவுதான்.”

பலகைக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை “ஐயோ மாரியாத்தா” என்றாள்.

“பாட்டு முடிஞ்சிதா?” என்று கேட்டாள் மோகனா.

“முடிஞ்சிது.”

“அனுப்பு. இன்னும் அவர கீழ பொணவறைக்குக் கொண்டு போகல. காதுல வெக்கிறேன்.”

அழைப்பு நின்றது. ரூபினி நான்காவது பதிவின் மேல் அம்பை வைத்தாள்.

“அது வேணாம்” என்றான் ஹரிதாஸ். “அது அவர் போன பொறவு பாடுனது.”

“அப்படித் தெரியாதுல்ல அண்ணே. எப்பன்னு நமக்கு...”

அவன் விரலை நீட்டி, கோப்புக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தைக் காட்டினான். பிறகு மோகனாவின் கடைசிச் சொல்லுக்குக் கீழே இருந்த நேரத்தைக் காட்டினான். ரூபினி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“தீட்டுல பாடுனது. அம்மனுக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது. அழிச்சிரு.”

“அண்ணே.”

“அழிச்சிரு ரூபினி. மொதல்ல பாடுனது இருக்குல்ல. அப்ப உயிரோடதான இருந்தாரு. முழிச்சிக்கிட்டு இருந்தாரு. அத அனுப்பு.”

அவள் நான்காவதை அழித்தாள். உறுதிதானா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். பிறகு முதல் பதிவை அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓட்டினாள். ஏன் ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது சரணம் வந்தது. குங்குமம். டிங்.

மெல்லிய, கூர்மையான சத்தம். விசில்போல.

ஹரிதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இது அவருக்குக் கேட்டிருக்காதே” என்றான்.

ரூபினி பாட்டை நிறுத்தினாள்.

“கெட்டில் விசிலே கேக்காத ஆளு. இது எப்படிக் கேக்கும்? பாட்டு கேட்டிருக்கும். இது கேட்டிருக்காது.”

அவன் இதை அவளைக் குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. லோரியின் எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடித்துச் சொல்வதுபோல் சொன்னான். ரூபினி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு மொத்தமும் விழுந்தது. மழையில் இணைப்பு எப்போதும் மெதுவாகும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். தகரத்தின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குறிகளும் நீலமாயின.

பாஞ்சாலை குடையோடு முன்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. மகன் காரை எடுத்து வருவதாகவும், கம்போங் ராஜா வழியாக இறங்கினால் இருட்டுவதற்குள் ஈப்போ போய்விடலாம் என்றும் சொன்னாள். ஹரிதாஸ் எழுந்து சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்தான்.

திரையில் மோகனாவின் செய்தி வந்தது. இந்தத் தடவை அதன் ‘டிங்’ மழையில் கேட்கவில்லை.

*முழுசும் காதுல வெச்சேன். நல்லா பாடியிருக்கடா. நடுவுல டிங்குன்னு என்னமோ அடிச்சிச்சே, அது என்னது?*

ரூபினி விசைப்பலகையில் கை வைத்தாள். எடுத்தாள்.

“என்ன போடட்டும் அண்ணே?”

அவன் வாசல்வரை போயிருந்தான். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்.

“கோயில் மணின்னு போடு.”