கம்பி மனிதருக்கு எது முன்பக்கம்

குமாசியில் எங்கள் கல்லூரியின் சிற்பப் பிரிவுக்குப் புது விதி வந்திருந்தது. சிலை கேட்டவர் முதலில் உள்ளே நிற்கப்போகும் கம்பிக் கூட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் களிமண், கடைசியில் சிமெண்ட் வார்ப்பு. போன வருடம் ஒருவன் பாதிரியார் சிலையை முடித்துத் திரையை விலக்க, அவர் "இது என் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனதன் விளைவு அது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்து வராவிட்டால் நான் இறுதியாண்டை மறுபடி படிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை படித்தாயிற்று, கதை தெரியும்.

ஊரின் வேன் நிலையத்தைத் தொடங்கிய காலஞ்சென்ற ஓட்டுநர் ஒருவரின் சிலை என் பங்குக்கு வந்திருந்தது. வலது கையை உயர்த்தி ஊரை வரவேற்க வேண்டும். முறுக்குக் கம்பியில் ஆறடிக்கு வெல்டிங் செய்து, பலகையில் நிறுத்தி, சின்னக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி அங்கங்கே தொங்கவிட்டிருந்தேன்.

வெள்ளி மதியம், சிலை கேட்ட ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் என்சியா மாமா வந்தார். கூட்டை மூன்று முறை சுற்றினார்.

"ஏம்ப்பா, இந்தக் குச்சியெல்லாம் எதுக்கு?"

"மண்ணு கனம் மாமா. இது பிடிக்கலைன்னா தொப்பை முழங்காலுக்கு இறங்கிடும்."

"எனக்கும் ரெண்டு கட்டி விடேன்" என்றார். பிறகு எதிரே நின்றார். சிரிப்பு போய்விட்டது. "தம்பி, இவரு எந்தக் கையத் தூக்கியிருக்காரு?"

பார்த்தேன். இடது கை.

எங்கள் ஊரில் இடது கையால் தழை நீட்டினால் ஆடுகூட நம் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கும். இவரோ நிலையத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தினமும் அதை ஆட்டப்போகிறார், சிமெண்டில்.

"உயிரோட இருந்தப்ப ஒருத்தர அவமானப்படுத்தினது இல்ல. செத்தப்புறம் ஊரையே திட்டணுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வகுப்பிலேயே உயரமான செர்வா பக்கத்து மேசையில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம் அவளைத் தரையில் படுக்கவைத்துத்தான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஜூனில் அந்தக் கோட்டின் மேல் கம்பியை அடுக்கினேன்.

"செர்வா, நீ வலது கையத்தானே தூக்கின?"

"ஆமா."

"மல்லாந்துதானே படுத்திருந்த?"

"குப்புற. வெயில் கண்ணக் குத்துச்சு. நீதான்டா குனிஞ்சு கோடு போட்ட, என் முதுகுல பல்லி போகுதுன்னு வேற சொன்ன."

பல்லி ஞாபகம் வந்தது.

மாமா கோபமாக வெளியேறினார். கதவு கூட்டுக்குப் பின்புறம் இருந்தது. கடைசியாக ஒருமுறை திட்டத் திரும்பியவர் திட்டாமல் நின்றார்.

"இங்கேருந்து பாத்தா சரியாத்தானே இருக்கு?"

ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். செர்வாவும் வந்தாள். கம்பி மனிதர் எங்களைப் பார்த்து வலது கையை மரியாதையாக உயர்த்தியிருந்தார். அவருக்கு முகம் கிடையாது. பாதக் கம்பிகள் மட்டும்தான் வேறு திசையைச் சொல்லின.

"அப்ப முகத்த இந்தப் பக்கம் வெச்சா?" என்றாள் செர்வா.

முதுகெலும்புக்கு இயல்பான வளைவு வேண்டும் என்று ஆசிரியர் இரண்டு முறை சொல்லியிருந்தார். சோம்பலில் நேராக விட்டிருந்ததால், இப்போது எந்தப் பக்கத்தையும் முன்பக்கமாக்கலாம். அந்த ஆண்டு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பாதக் கம்பிகளை அறுத்து மறுபக்கம் வெல்டிங் வைத்தேன். மாமா செர்வாவிடம் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, நெருப்பு பறப்பதைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளும் இவரு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரு?"

"தெரியல மாமா."

அவர் யோசித்தார். வாளியிலிருந்து ஒரு பிடி களிமண்ணை அள்ளித் தலைக் கம்பியில் அப்பி, இழுத்து ஒரு மூக்கு வைத்தார். கையெழுத்துக்கு முன் களிமண் கூடாது என்பது விதி. நானும் செர்வாவும் ஜன்னலைப் பார்த்தோம்.

"இனிமே யாரும் குழம்ப வேணாம்."

"அவரு மூக்கு அவ்ளோ பெருசா மாமா?" என்றாள் செர்வா.

"அவரு மூக்கு யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? இது என்னுது."

பிறகு அதே கையால் கையெழுத்துப் போட்டார். தாளில் எது மை, எது மண் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.