தெருக்கோடிக்கு ஏறாத தண்ணீர்

பம்ப் ஆபரேட்டருக்கு ரத்த அழுத்தம் இறங்கினால், அவர் குடியிருந்த தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முதலில் யாருக்கும் தோன்றவில்லை. குடிநீர் வாரியத்து ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள், வால்வை மாற்றினார்கள், பள்ளத்தை மூடிவிட்டுப் போனார்கள். மற்ற வீடுகளில் தண்ணீர் கொட்டியது. கடைசி வீடு பேக்கரிக்காரம்மாவுடையது. காலையில் மாவு பிசைய உட்காரும் நேரத்தில் அவள் குழாய் மட்டும் காற்றைத் துப்பியது.

ஆபரேட்டர் அதிகம் பேசாதவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் வாங்கிய திட்டெல்லாம் அழுத்தம் கூடிக் குழாய் வெடித்ததற்காகத்தான். அழுத்தம் குறைந்ததற்காக யாரும் அவரை மேலதிகாரி முன்னால் நிறுத்தியதில்லை. அழுத்தமானியின் முள் எவ்வளவு தாழ்வாக நிற்கிறதோ அவ்வளவு நிம்மதி என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். தனக்கே ரத்த அழுத்தம் என்றானபோது, காலையில் ஒரு மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவராகவே இரவுக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அளவு இறங்க இறங்க, நன்றாகப் பராமரிக்கப்பட்ட குழாயைப் போலத் தன்னை எண்ணிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் வீட்டுக் கதவுகள் இடப்பக்கமிருந்து அவரை இடிக்கத் தொடங்கின. "நினைப்பு எங்க இருக்கு உங்களுக்கு?" என்றாள் மனைவி. அவர் பார்வையில் இருட்டு எதுவும் இல்லை. இடது ஓரம் காணாமல் போயிருந்தது, போன இடம் தெரியாமல்.

ஒரு காலை பேக்கரிக்காரம்மா காலி வாளியோடு பம்ப் அறைக்குள் புகுந்தாள்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் ஊத்துறீங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

அவர் வாசலைப் பார்த்து, "யாரும்மா, உள்ள வாங்க" என்றார்.

"உள்ளதான் நிக்கிறேன். இத்தாம் பெரிய உருவம் தெரியலையா, இல்ல கிண்டலா?"

அவருடைய இடது கன்னத்தருகே வாளியை ஆட்டினாள். அவர் மரியாதையாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட வந்தவளுக்குக் கை தானாக இறங்கியது.

"மோட்டாரை யார்கிட்டயாவது ஒப்படைங்க. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் அளவாத்தான் இருக்கு. ஆனா நரம்பு வாடியிருக்கு. ஓரத்துலேருந்து பார்வையைத் தின்னுற கிளகோமா, அழுத்தம் கூடாமலும் வரும். வேற என்ன மாத்திரை போடுறீங்க?"

ஆபரேட்டர் காலை மாத்திரையைச் சொன்னார். மற்றதைச் சொல்வதற்குள் வரிசையில் இருந்த ஒருவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"ராத்திரிக்கு ஒண்ணு. நானா போடுறது."

"தூங்கும்போது ரத்த அழுத்தம் தானாவே இறங்கும். நீங்க வேற இறக்கினா, கண் நரம்புக்கு ரத்தம் எப்படிப் போய்ச் சேரும்?"

"தெருக்கோடிக்கு ஏறல" என்றார் ஆபரேட்டர் மெல்ல.

"அதைத்தானே நானும் சொல்றேன், சொட்டுத் தண்ணி இல்லைன்னு!" என்றாள் பேக்கரிக்காரம்மா. டாக்டரம்மா அதை வேறு ஏதோ வழக்கு என்று எண்ணிக் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார். ரத்த அழுத்தம் பார்ப்பவரிடமும் அனுப்பினார். அவர் இரவு மாத்திரையை நிறுத்தச் சொன்னார், காலை மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

மறுநாள் பேக்கரியில் தண்ணீர் வந்தது; அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். போன ஓரம் திரும்பவில்லை. மிஞ்சிய பார்வை மிஞ்சியது: மனைவியின் முகம், பேருந்தின் எண், அழுத்தமானியின் முள். ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டரம்மா "அப்படியே இருக்கு" என்பார். அந்தச் சொல்லை மனைவி வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள்.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். மோட்டார்கள் மாறின, அதிகாரிகள் மாறினார்கள். தெருக்கோடியிலிருந்து புகார் வந்தால் வாரியம் இப்போது மண்வெட்டி அனுப்புவதில்லை. ரத்த அழுத்தக் கருவியோடு ஒருவர் வருவார். ஆபரேட்டர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவார். அது வழக்கமான பராமரிப்பு வேலையாகிவிட்டது.

நன்றி என்ற சொல் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. காலையில் பேக்கரி வாசலில் போய் நிற்பார். அவள் மாவுக் கையோடு சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வருவாள்.

"தண்ணி வருதா?"

"கொட்டுதுண்ணே."

சற்றுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார்.