ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு

மஞ்சள் உருளைக்கிழங்கை ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் பிசையும்போது கட்டிதட்டிப்போகும். யோவானா விரல் நுனிகளை ஊதி ஊதி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே சமையற்காரி தியோனிலா மிளகாய் விழுதில் எலுமிச்சை பிழிந்தாள். வீட்டம்மாளுக்கு அன்று பிறந்தநாள், மாலையில் விருந்து. ஜன்னலுக்கு வெளியே லிமாவின் குளிர்கால வானம் பாத்திரம் கழுவிய தண்ணீரைப்போல் கிடந்தது.

"வாட்ச்மேன் உனக்கு ரொட்டி குடுத்தனுப்பிச்சான்டி. அடுப்பு மேல வெச்சிருக்கேன், இன்னும் சூடா இருக்கு."

"நீயே தின்னுக்கா."

"புருதென்சியோ நல்ல பையன்டி. மலைமேல சொந்தமா ரெண்டு ரூம் கட்டிட்டிருக்கான்."

"தகரக் கூரை. தண்ணி லாரி வந்தா வாளியத் தூக்கிட்டு ஓடணும். அவன் ஷூவப் பாத்தியா? வாயப் பொளந்துட்டு நிக்குது."

"ஏன், உன் ஞாயித்துக்கிழமைக்காரன் ஷூவுல மூஞ்சி பாக்கலாமாக்கும்?"

"பாக்கலாம்," என்று யோவானா சிரித்தாள். ரெனாத்தோவிடம் அவள் முதலில் பார்த்தது ஷூவைத்தான்.

அவன் முதலில் பார்த்தது அவளுடைய கோட்டை. உள்துணியில் இஸ்திரிப்பெட்டி சுட்டு ஓட்டை விழுந்ததால் வீட்டம்மாள் கழித்துக் கொடுத்த கம்பளிக் கோட்டு அது. விடுமுறையன்று அதைப் போட்டுக்கொண்டு பர்ராங்கோ பூங்காவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தவன், "நீங்க இந்தப் பக்கம்தானா?" என்றான். இந்த ஊரில் யாரும் அவளை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அவன் ஒரு நோட்டரியிடம் உதவியாளனாக இருப்பதாகச் சொன்னான். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றதற்கு, "சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்" என்றாள். வீட்டு இரட்டைப் பையன்களுக்குக் கரண்டி பிடிக்கவும் பல் தேய்க்கவும் சொல்லிக்கொடுத்தது அவள்தான். எந்த ஊர் என்றபோது மட்டும், மலையூரான உவாந்தா வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, பெரிய நகரமான அரெக்கிப்பா என்றாள்.

"அதான் நெனச்சேன். நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு மொகத்துலயே தெரியுதே!"

அந்தக் குளிர்காலத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. கடைசியாகப் பார்த்தபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க," என்றான். பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்த முறை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

மாலையில் வெள்ளைச் சீருடையை மாட்டி, முடியை வலைக்குள் அடக்கிக்கொண்டு, உருளைக்கிழங்குப் பலகாரத் துண்டுகள் அடுக்கிய தட்டை ஏந்தினாள். தட்டு காலியாகும்வரை சமையலறைப் பக்கம் திரும்பக் கூடாது என்பது வீட்டம்மாளின் உத்தரவு. கூடத்தில் சிரிப்பும் சென்ட் வாசனையும் நிறைந்திருந்தன. வீட்டு ஐயாவின் பத்திரங்களைப் பார்க்கும் நோட்டரி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பரிசுப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ரெனாத்தோ வந்தான்.

அவள் தூணோரம் ஒதுங்கினாள்.

"யோவானா, எங்க போற? சாருக்குக் கொண்டா," என்றாள் வீட்டம்மாள்.

நோட்டரி எடுத்துக்கொண்டார். ரெனாத்தோ தட்டைப் பார்த்தபடி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "குடிக்க ஏதாவது கொண்டா," என்றான்.

"சரிங்க."

குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தான். மெல்லுவது நின்றது. அவன் கண்கள் அவள் முகத்திலிருந்து முடிவலைக்கும், அங்கிருந்து ஏப்ரனுக்கும் போய் அங்கேயே நின்றன. பிறகு காகிதக் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதைக் கசக்கி அவள் தட்டில் போட்டான்.

"என்னப்பா, அந்தப் பொண்ணையே பாக்கற?" நோட்டரி கண்ணடித்தார். "தெரிஞ்ச பொண்ணா?"

"ஐயோ, இல்ல சார்." அவன் காதுமடல் சிவந்தது. "அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டோட இருக்கற மாதிரி ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். இந்த மாதிரி ஒண்ணு கெடச்சாத் தேவலைன்னு..."

"அதுக்கென்ன!" என்றாள் வீட்டம்மாள். "யோவானா, உவாந்தாவுல உனக்கு ஒரு தங்கச்சி இருக்கால்ல? சாரோட ஆளு, நம்பி அனுப்பலாம்."

யோவானா ரெனாத்தோவைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ படிக்கிறாம்மா."

"படிச்சு?" என்றாள் வீட்டம்மாள், கோபமில்லாமல். நோட்டரி சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு விருந்தாளிகளும் என்னவென்று கேட்காமலே சிரித்தார்கள்.

ஏதாவது பேசியாக வேண்டும் என்று ரெனாத்தோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"அவளுக்குச் சமைக்க வருமா?"

"வரும்," என்றாள் யோவானா.

"கை சுத்தமா?"

கூடத்தில் யாரோ பியானோவைத் திறந்தார்கள். வீட்டம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள். தட்டில் கசங்கிய காகிதத்தைச் சுற்றி இன்னும் ஐந்தாறு துண்டுகள் மிச்சமிருந்தன. நோட்டரி இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அவர் குனிய வேண்டாமென்று யோவானா தட்டைச் சற்று உயர்த்திப் பிடித்தாள்.