பூஜையிலிருந்து எடுக்காத கம்ப்யூட்டர்

ஆவுடையம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டர் பன்னிரண்டு வருடமாகச் சரஸ்வதி பூஜையில் இருந்தது. அதனால் அதைப் போட்டால் ஓடவில்லை.

பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, அதனதன் வேலையைக் கொஞ்சம் செய்யவைத்துவிட்டால் பூஜை முடிந்தது. கத்தரிக்கோலுக்கு ஒரு துண்டுத் துணி, அரிவாள்மனைக்கு ஒரு வாழைக்காய், அவ்வளவுதான். அந்த வீட்டில் வைப்பது ஆவுடையம்மாளின் கணவர் குற்றாலிங்கம், எடுப்பது மகள் சுபாஷிணி. அந்த வருடம் சுபாஷிணி கத்தரிக்கோலை எடுத்தாள், அரிவாள்மனையை எடுத்தாள், அப்பாவின் சைக்கிளைக்கூடத் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போய்வந்தாள். கம்ப்யூட்டரை மட்டும் எடுக்கவில்லை. கூடவே அப்பாவின் வலது கையையும் எடுக்கவில்லை.

கை எப்படிப் பூஜைக்குள் போனது என்றால், கம்ப்யூட்டருக்கு வைத்தது போகக் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. குற்றாலிங்கம் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை. தம் வலது புறங்கையில் அதைத் தடவி, ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, “இதுவும் இன்னைக்குச் சும்மா கெடக்கட்டும்” என்றார். அது கிடந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் விஜயதசமி வரத்தான் செய்தது. ஆனால் ஒரு வருடத்துப் பூஜையை இன்னொரு வருடத்துத் தசமியால் முடிக்க முடியாது.

கையால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆவுடையம்மாள் தினமும் காலையில் கம்ப்யூட்டருக்கு ஒரு செவ்வந்தி, கைக்கு ஒரு செவ்வந்தி வைப்பாள். அரிசி மண்டியில் எழுத்து வேலை பார்த்த குற்றாலிங்கம் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். வலது கை பூவோடு மேஜைமேல் இருக்கும். மண்டிக்கு வருகிறவர்கள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூட்டையை எடுப்பார்கள்.

இப்போது சுபாஷிணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கடையநல்லூர், முகூர்த்தம் தை மாதம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவின் வலது கை வேண்டும். இடது கையால் பெண்ணைக் கொடுக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. சித்தப்பா வார்த்துக் கொடுக்கட்டுமே என்று சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. குற்றாலிங்கம் காதிலும் அது விழுந்தது. அப்புறம் மொட்டைமாடிக்குப் போய், காயப்போட்ட வற்றலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

ஆவுடையம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கையை யாரிடம் காட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் என்றால் அதற்கு ஆள் இருக்கிறது. இரண்டும் ஒரே பூஜையில் இருப்பதால் ஒன்று எழுந்தால் மற்றதும் எழுந்துவிடும் என்று கணக்குப் போட்டு, சமாதானபுரத்தில் கடை வைத்திருந்த ஜெபசிங்கைக் கூட்டிவந்தாள்.

ஜெபசிங் நிதானமான ஆள். பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகிப் பார்த்தான். வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். பெட்டியைத் திறந்து, ரேம் அட்டையைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினான். உள்ளே தூசி இருக்க வேண்டிய இடத்தில் விபூதி இருந்தது. அதைச் சிந்தாமல் ஒரு தாளில் எடுத்து ஆவுடையம்மாளிடம் கொடுத்தான். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுப் பட்டனை அமுக்கினான். ஃபேன் சுற்றவில்லை. கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் நவமியில் நின்றது.

“அக்கா, இதுல கோளாறு எதுவும் இல்ல. பூஜைல இருக்கு” என்றான்.

“அது தெரியும் தம்பி. எப்ப எந்திரிக்கும்?”

“இன்னும் விடியல இதுக்கு. குங்குமத்தப் பாருங்க, ஈரங்கூடக் காயல. வச்ச கைதான் மொதல்ல தொடணும். அண்ணாச்சி, வலது கையால பட்டனை அமுக்குங்க.”

“அந்தக் கையும் பூஜைலதான இருக்கு” என்றார் குற்றாலிங்கம்.

ஜெபசிங் மீட்டரை அவர் கையிலும் வைத்துப் பார்த்தான். அங்கும் நவமி.

“அப்பம் மொதல்ல கையை எடுக்கணும். இங்க எடுக்கது யாரு?”

சுபாஷிணி தலையைத் துவட்டிக்கொண்டே வாசல்படியில் நின்றாள். “நான்தான்” என்றாள். “எடுத்தா வேலை கொடுக்கணும்லா. அந்தக் கை கடைசியா என்ன வேலை செஞ்சதுன்னு அப்பாட்ட கேளுங்க.”

“டைப் அடிச்சது” என்றார் குற்றாலிங்கம்.

“அதுக்கு அப்புறம்?”

அவர் கைமேல் இருந்த பூவை இடது கையால் சரிசெய்தார். அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டுச் சூடம் எடுக்கத் திரும்பியிருந்தார். பாதியில் நிற்கும் கார் விளையாட்டை முடித்துவிடலாம் என்று சுபாஷிணி அதற்குள் பட்டனை அமுக்கிவிட்டாள். பூஜைப் பொருளைத் தொட்டதற்காக, வந்திருந்த பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மிச்சச் சந்தனம் அந்தக் கைக்குப் போனது அதற்கு அப்புறம்தான். அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்த ஆவுடையம்மாளுக்கும் சத்தம் கேட்டது. பிள்ளை சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவாள் என்று நினைத்தாள். நினைத்தது தப்பு.

“மெஷின் அப்படித்தான்” என்றான் ஜெபசிங். “எதுல நின்னுச்சோ அதுல இருந்துதான் தொடங்கும். கைக்கும் அதேதான்.”

குற்றாலிங்கம் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ எம்பிள்ளய அடிக்கமாட்டேன். எந்தம்பியே வார்த்துக் கொடுக்கட்டும். இது இப்படியே கெடக்கட்டும்.”

ஆவுடையம்மாளுக்கு அவரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கல்யாண மேடையில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு மனுஷர் தயாராகிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

“நீங்க எதுக்கு அடிக்கணும்? எடுக்கது நான்தான” என்றாள் சுபாஷிணி.

அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, கைமேல் இருந்த செவ்வந்தியை எடுத்து மேஜையில் வைத்தாள். கரண்டியை எடுப்பதுபோல அப்பாவின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து எடுத்தாள். அந்தக் கையாலேயே அவர் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். மெதுவாகவும் இல்லை, பலமாகவும் இல்லை. தனக்கு விழுந்த அளவுக்கு.

குற்றாலிங்கத்தின் மூக்குக்கண்ணாடி நகர்ந்தது. அதை அவர் வலது கையால் சரிசெய்துகொண்டார்.

“இப்பம் அமுக்குங்க” என்றான் ஜெபசிங்.

அமுக்கினார். ஃபேன் சுற்றியது, ஒரு ‘பீப்’ வந்தது, தடித்த திரை மெல்ல வெளிச்சமாகியது. பாதி வளைவில் நின்றிருந்த கார் ஓடத் தொடங்கியது. சுபாஷிணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பா பின்னால் நின்று, எதிரே லாரி வருவதைச் சொன்னார்.

ஜெபசிங் மீட்டரை வைத்துப் பார்த்துத் தசமி என்று உறுதிசெய்துகொண்டான். பெட்டியை மூடச் சொன்னபோது, இப்போது விடிந்திருக்கிற வருடத்தில் தான் இன்னும் வேலை பழகவில்லை என்று சொல்லிவிட்டு, திருகாணிகளை ஆவுடையம்மாளின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அது நியாயமாகவே இருந்தது.

அவள் கடையநல்லூருக்குப் போன் போட்டாள்.

“மதினி, இங்க அந்த வருசத்துத் தசமி இப்பந்தான் விடிஞ்சிருக்கு. சுபாவுக்குப் பன்னெண்டு வயசு ஆகுது. முகூர்த்தத்தத் தள்ளி வைக்கணும்.”

“நானே கூப்பிடணும்னு நெனச்சேன் மதினி” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. “இவனும் ஒம்பதாங்கிளாஸ்தான். காலையிலயே சைக்கிளத் தூக்கிட்டு வெளையாடப் போயாச்சு, சொன்னா கேக்கவா செய்தான்? ரெண்டும் படிச்சு முடிக்கட்டும். அதுக்கப்புறம் அதே தையில வச்சுக்கிடுவோம்.”

“சுபா அப்பாதான் வார்த்துக் கொடுப்பாங்க” என்றாள் ஆவுடையம்மாள்.

“வேற யாரு கொடுக்க?” என்றாள் அவள்.

ஆவுடையம்மாள் போனை வைத்துவிட்டுக் கல்யாணக் கூறைப்புடவையை உள்ளே தள்ளி வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தாள். புடவை வைத்திருந்த அட்டைப்பெட்டியில் இப்போது நீலப் பள்ளிக்கூடப் பாவாடை மடித்து இருந்தது. ஓரம் பிரிந்திருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. அவள் ஊசியை எடுத்துக்கொண்டு போய்க் குற்றாலிங்கத்திடம் நூல் கோத்துத் தரச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, இரண்டு கையாலும் கோத்துக் கொடுத்தார்.